செவலை தண்ணீர் குடித்தது

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் நடந்தது இது. மலாயாவில், ஜோகூரில், கூலாய் ஊரிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் அப்போது நாங்கள் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் தோட்டத்து லோரி ஓட்டினார். நான் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போவேன். மூத்த மகள் பிறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. எனக்கே இருபது வயது முடிந்திருக்காது.

ரப்பர் காட்டுக்குள் நடந்து பழகாதவர்களுக்கு அந்தப் பயம் புரியாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி மரம், ஒரே மாதிரி வரிசை. கிழக்கு எது மேற்கு எது என்றே தெரியாது. கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு ஒதுக்கிய மர நிரையை விட்டு நாலு மரம் தள்ளிப் போய், வழி தெரியாமல் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். கங்காணி தேடி வந்து கூட்டிப்போனார். லயத்து வரிசை வீடுகளில் எல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். புலி வரும், பன்றி வரும் என்று ஆளுக்கு ஒரு கதை வேறு. விடியுமுன் வாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போதெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடப்பேன்.

அந்தப் பயத்தைத் தீர்த்து வைத்தது செவலைதான்.

செவலை யாருக்கும் சொந்தமான நாய் இல்லை. லயத்துக்குப் பின்னால் திரிந்துகொண்டிருந்தது. ஒருநாள் மிச்சக் கஞ்சியை ஊற்றினேன். மறுநாள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு நடக்கிறேன், எனக்கு முன்னால் வாலைத் தூக்கிக்கொண்டு போகிறது. அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். நான் மரத்துக்கு மரம் போனால் அதுவும் வரும். வேலை முடிந்து பாலை ஊற்றிவிட்டு வந்தால், லயம் வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டுத்தான் தன் வழியில் போகும். ஊளையிட்டோ குரைத்தோ ஒருநாளும் தொல்லை கொடுத்ததில்லை. மகளைத் துணித் தொட்டிலில் போட்டிருந்தால் அதற்குக் கீழே போய்ச் சுருண்டு படுத்துக்கொள்ளும்.

அந்தச் சமயத்தில் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு வெறிநாய் கடித்து ஒருவர் இறந்துபோனார் என்ற பேச்சு வந்தது. அவர் கடைசியில் தண்ணீரைப் பார்த்தாலே அலறினாராம், தொண்டையில் ஒரு சொட்டு இறங்கவில்லையாம். அந்தக் கதையைக் கேட்ட எவருக்கும் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. கட்டாத நாயை எல்லாம் சுட்டுவிடுவார்கள், துப்பாக்கிக்காரர் வரப்போகிறார் என்று கங்காணி பெரட்டில் சொன்னார். நான் ஓடிப்போய் செவலையைக் கயிற்றால் தூணில் கட்டினேன். கட்டு என்றால் என்னவென்றே தெரியாத நாய் அது. மறுநாள் காலையில் கடித்து அறுத்த கயிறு மட்டும் கிடந்தது. நாயைக் காணவில்லை.

இரண்டு மூன்று நாள் தேடினோம். பிறகு ஒரு பிற்பகலில் லயத்துக் குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் செவலை நிற்கிறது.

பார்த்ததும் வந்த சந்தோஷம் அடுத்த நொடியே போய்விட்டது. அது என் நாய் மாதிரியே இல்லை. தலை தொங்கிக் கிடந்தது. வாய் பாதி திறந்து, கோழையாக எச்சில் தரையைத் தொடும் அளவுக்கு ஒழுகியது. சிரட்டையில் தண்ணீர் பிடித்து வைத்தேன். தாகத்தோடு ஓடி வந்து வாயை வைத்தது. வைத்ததும் வீல் என்று கத்திக்கொண்டு பின்னால் பாய்ந்தது.

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஆனால் தினமும் கூடவே நடந்த நாய் அல்லவா? "என்னடா ஆச்சு உனக்கு?" என்று முகத்தைப் பிடித்துப் பார்க்கக் கையை நீட்டினேன். தாடையில் விரல் பட்டதுதான் தெரியும். மணிக்கட்டில் பல் இறங்கிவிட்டது. கையை உதறிக்கொண்டு நான் கத்த, அது மரவள்ளித் தோட்டத்துப் பக்கம் ஓடி மறைந்தது.

பக்கத்து வீட்டு அக்காதான் முதலில் ஓடி வந்தார். அவரும் கைக்குழந்தைக்காரர், என்னோடு சேர்ந்து பால் வெட்டுகிறவர். கையைப் பார்த்தார், தரையில் கிடந்த எச்சிலைப் பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டு, "அடி பாவி, வெறி புடிச்ச நாயிடி அது!" என்று அழ ஆரம்பித்துவிட்டார். அழுதுகொண்டே காயத்தில் மிளகாய்த் தூளை வைத்து அழுத்தினார். நாய் கடித்ததைவிட அது அதிகமாக எரிந்தது.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரஸர், மிளகாயைக் கழுவி எடுக்கும்போதே எங்கள் இருவரையும் திட்டித் தீர்த்தார். பிறகு ஏதோ ஒரு அமிலத்தைத் தொட்டுக் காயத்தைச் சுட்டார். என் வீட்டுக்காரர் பின்னால் நின்று என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்ததும் டிரஸர் நிதானமாகச் சொன்னார்:

"நாய் கெடச்சா கட்டிப்போட்டுப் பாக்கலாம். பத்து நாள் அது நல்லா இருந்தா ஒங்களுக்கும் ஒண்ணும் இல்ல. கெடைக்கலன்னா நாளைக்கே ரயில் ஏறி சிங்கப்பூர் போயிருங்க. அங்க வயித்துல ஊசி போடுவாங்க. தள்ளிப் போடாதீங்கம்மா."

வாசல்வரை வந்துவிட்டேன். திரும்பிப் போய், "பிள்ளைக்குப் பால் குடுக்கலாமாங்க?" என்று கேட்டேன். அவர் சற்று யோசித்தார். "சந்தேகம் தீர்ற வரைக்கும் வேணாம்" என்றார்.

ஊசிகூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அந்த ஒரு வார்த்தைதான் என்னை உடைத்துப் போட்டது.

அன்று சாயங்காலம் என் மகளுக்கு அக்காதான் பால் கொடுத்தார். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் அழுவது எனக்குக் கேட்கிறது. கேட்கக் கேட்க என் ரவிக்கை நனைகிறது. கிட்டே போகவும் பயம். மூச்சு பட்டால்கூட ஏதாவது ஆகிவிடுமோ என்று அக்கா வீட்டுக் கதவோரத்திலேயே நின்றேன். அவள் என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இதற்கு நடுவே லயமே என்னைப் பார்க்க வந்தது. வந்த ஒவ்வொருவரும் ஆறுதலாக ஏதோ சொல்லிவிட்டு, "கொஞ்சம் தண்ணி குடிக்கிறியா?" என்று கேட்டார்கள். எதற்குக் கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியாதா? நான் சொம்பை எடுத்துக் குடிப்பேன். என் தொண்டை ஏறி இறங்குவதைக் கண்கொட்டாமல் பார்த்துவிட்டு, நிம்மதியாக எழுந்து போவார்கள். அவர்கள் போனதும் நானே இன்னொரு வாய் குடித்துப் பார்த்துக்கொள்வேன். அன்று நான் குடித்த தண்ணீருக்கு அளவே இல்லை. இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று ஒவ்வொரு மடக்கும் உள்ளே இறங்கும்வரை எனக்கு உயிர் என்னிடம் இல்லை.

மறுநாள் விடிந்ததும் என் வீட்டுக்காரர் நாயைத் தேடக் கிளம்பினார். "ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்கு. துணிமணிய எடுத்து வை. நான் மரவள்ளிப் பக்கம் ஒரு சுத்து சுத்திட்டு வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் ஒரு புடவையையும் துண்டையும் மூட்டை கட்டினேன். சிங்கப்பூரை நான் பார்த்ததே கிடையாது. எத்தனை நாள் ஆகுமோ, திரும்பி வருவேனோ, மகளுக்கு என் முகம் நினைவிருக்குமோ என்று என்னென்னவோ ஓடியது.

அப்போதுதான் வெடிச் சத்தம் கேட்டது.

சிறிது நேரத்தில் இன்னொன்று. மூன்றாம் லயத்தில் இரண்டு நாய்களைச் சுட்டுவிட்டார்கள் என்று பிள்ளைகள் ஓடி வந்து சொன்னார்கள். அதில் ஒன்று, ஒரு கிழவர் பல வருடமாக வளர்த்தது. அந்த வீட்டிலிருந்து அழுகைச் சத்தம் எங்கள் லயம்வரை கேட்டது.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. செவலையைச் சுட்டுவிட்டால் அதற்கு வெறியா இல்லையா என்று சொல்ல இந்த உலகத்தில் யாரும் இல்லை. மூட்டையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். "எங்கடி ஓடுற?" என்று அக்கா பின்னால் கத்தினார். நான் நிற்கவில்லை.

மரவள்ளித் தோட்டத்தின் ஓரத்தில் ஒரு வாய்க்கால் உண்டு. அதன் எதிர்க்கரையில் மொட்டையாக நின்ற ஒரு பழைய மரத்தடியில் செவலை ஒடுங்கிக் கிடந்தது. ஓடக்கூடத் தெம்பில்லை போலிருக்கிறது. இந்தப் பக்கம் ஒரு மலாய்க்காரர், நடுத்தர வயது, காக்கிச் சட்டை, தலையில் கறுப்புத் தொப்பி. துப்பாக்கியைத் தோளில் வைத்துக் குறி பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அப்போது தெரிந்த மலாய் கைவிரலில் அடங்கும். அந்த நேரத்தில் எங்கிருந்து வந்ததோ தெரியாது. "ஜாங்ஙான்! ஜாங்ஙான் தெம்பாக்!" சுடாதீர்கள், சுடாதீர்கள் என்று கத்திக்கொண்டே வாய்க்காலில் இறங்கி, அவருக்கும் நாய்க்கும் நடுவே போய் நின்றுவிட்டேன். முழங்கால்வரை சேறு.

அவர் திடுக்கிட்டுத் துப்பாக்கியை வானத்தைப் பார்க்கத் தூக்கினார். கோபமாக ஏதோ அதட்டினார். எனக்குப் புரியவில்லை. கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினேன். நாயைக் காட்டினேன். கையைத் தொட்டில் மாதிரி ஆட்டி, குழந்தை இருக்கிறது என்று காட்டினேன். அதற்குமேல் வார்த்தை வரவில்லை. அழுகைதான் வந்தது.

சத்தம் கேட்டு என் வீட்டுக்காரர் ஓடி வந்தார். அவருக்கு மலாய் நன்றாகப் பேச வரும். எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னார். அந்த மனிதர் கேட்டுக்கொண்டே துப்பாக்கியைத் தாழ்த்தினார். ஆனால் கண்ணை நாயைவிட்டு எடுக்கவில்லை. செவலை முன்னங்காலால் வாயை வறட் வறட்டென்று பிறாண்டியது. கொஞ்சம் நிறுத்தும். மறுபடியும் பிறாண்டும்.

"இதுக்கு வாயிக்குள்ள என்னமோ இருக்குன்னு சொல்றாரு" என்றார் என் வீட்டுக்காரர். "காட்டுல வேட்டைக்குப் போறவங்க நாய்ங்க இப்படிப் பண்ணி இவரு பாத்திருக்காராம்."

"அப்ப வெறி இல்லையா? கேளுங்க, நல்லாக் கேளுங்க."

அவர் கேட்டார். அந்த மனிதர் என்னைப் பார்த்துத் தோளைக் குலுக்கினார். தெரியாது, வாயைத் திறந்து பார்த்தால்தான் தெரியும் என்றார்.

திறந்து பார்ப்பது யார்? கடித்தால் அவருக்கும் என் கதிதானே. அவர் வந்த வேலை ஒரு தோட்டாவில் முடிந்துவிடும். யாரும் ஏன் என்று கேட்கப்போவதில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு துப்பாக்கியிலிருந்த தோட்டாவைக் கழற்றிப் பையில் போட்டார். துப்பாக்கியை ஒரு மரத்தில் சாய்த்து வைத்தார். கையோடு கொண்டுவந்திருந்த சாக்குகளில் ஒன்றை உறை மாட்டுவது போல முழங்கைவரை சுற்றிக்கொண்டு, இடுக்கி இருக்கிறதா என்று என் வீட்டுக்காரரைக் கேட்டார். லோரிக்காரர் அல்லவா, அது எப்போதும் அவர் கால்சட்டைப் பையில் இருக்கும்.

என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். "தங்காச்சி, ஜாங்ஙான் தாக்குட்." அந்தக் காலத்தில் மலாய்க்காரர்கள் தமிழ்ப் பெண்களைத் தங்காச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். பயப்படாதே என்றார்.

என் வீட்டுக்காரர் இன்னொரு சாக்கைச் செவலைமேல் போட்டு, உடம்பைத் தன் முழங்காலுக்குள் இடுக்கிக்கொண்டார். அது உறுமியது, நெளிந்தது. அந்த மனிதர் சாக்குச் சுற்றிய கையால் தாடையைப் பிரித்து, ஒரு குச்சியைக் குறுக்கே கொடுத்து, குனிந்து உள்ளே பார்த்தார். எச்சில் அவர் கையிலும் சட்டையிலும் வழிந்தது. சட்டென்று அவர் முகம் மலர்ந்தது.

"லண்டாக்!" என்றார்.

எனக்குப் புரியவில்லை. இடுக்கியை உள்ளே விட்டு ஒரே இழுப்பு. செவலை அலறிய அலறலில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தபோது, விரல் நீளத்துக்குக் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு முள்ளை அவர் உயர்த்திப் பிடித்திருந்தார். லண்டாக் என்றால் முள்ளம்பன்றி; அதன் முள். மரவள்ளிக் கிழங்கைத் தோண்ட வந்த முள்ளம்பன்றியை இது துரத்திப் பிடிக்கப் போயிருக்கிறது. முள் முறிந்து மேல் வாயில் ஏறி, அப்படியே நின்றுவிட்டது. வாயை மூட முடியாமல்தான் எச்சில் ஒழுகியது, தண்ணீரில் வாயை வைத்ததும் கத்தியதும் அந்த வலியில்தான். முள்ளில் என் விரல் பட்டு வலி பொறுக்க முடியாமல்தான் கடித்தது.

என் வீட்டுக்காரர் சாக்கை எடுத்தார். செவலை தள்ளாடி எழுந்தது. எங்களில் யாரையும் பார்க்கவில்லை. நேராக வாய்க்காலுக்கு இறங்கிற்று, நாக்கை நீட்டிற்று.

சளக் சளக் என்று அது தண்ணீர் குடித்தது. நிறுத்தாமல், மூச்சு வாங்காமல் குடித்தது. நாங்கள் மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். அந்தச் சத்தத்தை விட இனிமையான ஒன்றை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. நான் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியாது. என் வீட்டுக்காரர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றார்.

செவலையைக் கட்டி இழுத்துக்கொண்டு லயத்துக்கு வந்தோம். அந்த மனிதரும் கூட வந்தார். குழாயடிக்குப் போனார். ஒரு மரத்தடியில் சுத்தமான மண்ணாகப் பார்த்து எடுத்து, தண்ணீரில் குழைத்து, விரல் நுனியிலிருந்து முழங்கைவரை தேய்த்துக் கழுவினார். பிறகு நல்ல தண்ணீரில் கழுவினார். திரும்பவும் கழுவினார், திரும்பவும். சட்டையைக் கழற்றி, எச்சில் பட்ட இடத்தையும் அதே மாதிரி செய்தார். அவசரமே இல்லை. அவ்வளவு நேரமும் "படுபாவி, வாயில்லா ஜீவனக் கொல்ல வந்தவன்" என்று சபித்துக்கொண்டிருந்த அக்கா, விஷயம் தெரிந்ததும் ஓடிப்போய் வாளியில் நல்ல தண்ணீர் பிடித்து, அவர் கையில் ஊற்றினார்.

"எதுக்குங்க இத்தனை தடவை?" என்று நான் மெதுவாகக் கேட்டேன்.

"அவங்க மார்க்கத்துல நாய் எச்சில் பட்டா ஏழு தடவை கழுவணும். ஒரு தடவை மண்ணு போட்டு" என்றார் என் வீட்டுக்காரர். "அதனாலதான் அவங்க நாயத் தொடவே மாட்டாங்க."

எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. வாய்க்கால் கரையில் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாரே, அப்போது கடித்துவிடுமே என்றுதான் யோசிக்கிறார் என்று நினைத்திருந்தேன்.

அவர் ஈரச் சட்டையை அப்படியே உதறி மாட்டிக்கொண்டார். காப்பி கொடுத்தோம், நின்றபடியே குடித்தார். நாயை எதற்கும் பத்து நாள் கட்டியே வைக்கச் சொல்லிவிட்டுப் போனார். டிரஸர் வந்து முள்ளைப் பார்த்தார், செவலை கஞ்சி குடிப்பதைப் பார்த்தார். "ரயில் வேணாம்மா. நாய் மட்டும் அவுந்துறாமப் பாத்துக்குங்க" என்றார். அவர் அடுத்த வார்த்தை சொல்வதற்குள் நான் கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார். "குடும்மா, குடு. பிள்ளை எத்தன நேரம் அழும்?"

அக்கா என் மகளைக் கொண்டுவந்து மடியில் போட்டார். பசியில்லாமல் இருந்தும் என் நெஞ்சை முட்டிக்கொண்டு அவள் குடித்தாள். "நான் குடுத்ததெல்லாம் ஒரு கணக்கே இல்ல போலருக்கு" என்று அக்கா அவள் கன்னத்தைக் கிள்ளினார். அன்று மத்தியானம் அந்த லயத்தில் எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. யார் யாரோ சோறு கொண்டுவந்தார்கள்.

பத்து நாள் முடிந்து செவலையின் கட்டை அவிழ்க்கும் நாளில் சைக்கிள் மணி கேட்டது. அவர்தான் வந்திருந்தார். செவலை நன்றாக இருப்பதை வாசலில் நின்றே பார்த்தார். பிறகு சைக்கிள் பின்னாலிருந்து ஒரு தோல் பட்டையை எடுத்து என் வீட்டுக்காரரிடம் நீட்டினார். கழுத்தில் பட்டை இருந்தால் வேறு யாரும் இதைச் சுடமாட்டார்கள் என்றார். செவலை வாலை ஆட்டிக்கொண்டு அவரிடம் ஓடியது. அவர் சிரித்துக்கொண்டே இரண்டு அடி பின்னால் நகர்ந்து, வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம், அவரும்தான்.

செவலை அதன்பின் பல வருடம் எனக்கு முன்னால் நடந்தது. அந்த மனிதரை நாங்கள் மறுபடி பார்க்கவில்லை. பெயரைக்கூடக் கேட்டு வைக்கவில்லை. எனக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனாலும் யாராவது எனக்கு ஒரு சின்ன உதவி செய்யும்போது, இதைச் செய்ய இவர் எதைத் தாண்டி வந்திருப்பாரோ, வீட்டுக்குப் போய் என்னவெல்லாம் கழுவ வேண்டியிருக்குமோ என்று ஒரு நிமிடம் நின்று நினைத்துப் பார்க்காமல் என்னால் நன்றி சொல்ல முடிவதில்லை.